கரிநாளில் பறந்த விமானம்

...ராத்திரியில் அது பறக்காதாமே, இருட்டினால் எங்கேயாவது தரையிறங்கி, உள்ளே இருப்பவர்கள் சாப்பிட்டுப் படுத்தெழுந்து, விடிந்த பிறகுதான் கிளம்புமாமே, என்ன விமானம் இது, திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போகிற மாட்டுவண்டிகூட அடியில் லாந்தரைக் கட்டிக்கொண்டு விடிய விடியப் போகிறதே என்று பொருமியபடி அப்புசாமி கிணற்று மாடுகளைப் பின்னுக்கு நடத்தினார். தண்ணீர் மொள்ளும் சால் கிணற்றுக்குள் இறங்கியது. கராச்சிக்கும் லண்டனுக்கும் ஐயாயிரம் மைல், கப்பலென்றால் மூன்று வாரம், விமானத்தில் ஒரே வாரம் என்று வக்கீல் குமாஸ்தா சுப்பையன் சொல்லியிருந்தான், ராஜாவுக்கு எழுதிய கருணை மனு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், பதில் தந்தியில் வந்துவிடும், திங்கட்கிழமை விடியலில் சேலம் ஜெயிலில் மகன் காளியப்பனைத் தூக்கில்... கயிறு கையை விட்டு நழுவப் பார்த்தது. ஒரு மடைத் தண்ணீர், பங்காளியோடு வாய்ச்சண்டை, கையில் இருந்த மண்வெட்டி, அவ்வளவுதானே, பெற்ற பிள்ளை ஒரு நொடியில் கொலைகாரனாகிவிட்டானே, இதே கிணற்றுத் தண்ணீர்தானே, இதையே இன்னும் இறைத்துக்கொண்டிருக்கிறேனே, நானும் ஒரு மனுஷனா?

இந்த வார விமானத்தில் ஏறிய மனு சனிக்கிழமை போய்ச் சேருமா? காற்று எதிர்த்தால் ஞாயிறு ஆகிவிடுமாம், ஞாயிற்றுக்கிழமை அங்கே கோர்ட்டு கச்சேரியெல்லாம் பூட்டாம், இங்கே திங்கள் விடியும்போது அங்கே நடுச்சாமமாம், யாரைத் தட்டி எழுப்புவது? போன வாரமே போயிருக்க வேண்டிய காகிதம். சுப்பையன் சைக்கிளை மிதித்துக்கொண்டு இந்த வரப்புக்கே வந்தான், மைப்பெட்டியைத் திறந்து நீட்டினான், கட்டைவிரலை வைத்தால் முடிந்தது. இவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இன்னைக்குக் கரிநாளுங்க சாமி. நாளைக்கு வெச்சுப்போடறனுங்க." ரயில் தவறினால் விமானம் தவறும், விமானம் வாரத்துக்கு ஒன்றுதான் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான், இவர் மசியவில்லை. கரிநாளில் விதை போட்டதில்லை, கன்றுக்குட்டியை விற்றதில்லை, பிள்ளையின் உசிருக்கா கரிநாளில் கை வைப்பேன்? நல்லதென்றுதானே நினைத்தேன்... விமானம் தவறிப்போனது. மனு இல்லாமல் கிளம்பிய அந்த விமானம் ஒரு குறையும் இல்லாமல் லண்டன் போய் இறங்கியதாம், முந்தாநாள் சுப்பையன் சொன்னான், சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாவி, நான்தான் பாவி, இருக்கிற நாளையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு நாளையா பார்த்தேன்?

மாடுகள் முன்னே நடந்தன, தண்ணீர் கொட்டியது. எத்தனை நடந்தாலும் இந்தச் சரிவைத் தாண்டாத மாடுகள். மனைவி ராமாயி கம்பங்கூழோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். மனு ஏன் தாமதமானது என்று அவளுக்குத் தெரியாது, வக்கீல் வேலை அப்படித்தான் என்று சொல்லி வைத்திருக்கிறார், இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும், அவள் காறித் துப்பினாலும் சரி. வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள். எத்தனையோ நாள் கழித்து அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

"ஏனுங்க, திங்கக்கெழம நம்மூருல மூணு கல்யாணமாமுங்க. அத்தன நல்ல நாளாமா. அன்னைக்குக் கெட்டது நடக்காதுங்க, தந்தி வந்துருமுங்க."

அப்புசாமி கூழை வாங்கிக்கொண்டார், சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அவள் பேச்சில் நெஞ்சு சற்றே குளிர்ந்தது, குளிர்ந்ததும் திக்கென்றது. அந்த நாளை நம்பித்தானே பிள்ளையைத் தவறவிட்டேன், இப்போது இந்த நாளையும் நம்புகிறேனே... நம்பாமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை.