இரண்டாவது சாவி

“அந்த ரெண்டு வரியத் தூக்கிடும்மா” என்றார் சபரிநாதன்.

தஞ்சாவூரில், மருத்துவக் கல்லூரிச் சாலையில், மருந்துக்கடை ஒன்றின் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு அவர்தான் முதலாளி. சுடர்விழி அங்கே நிரல் எழுதுபவள். கீழ்வேளூர்ப் பக்கம் கிளை வாய்க்கால் ஒன்றில் தண்ணீர் பங்கிடும் விவசாயிகள் சங்கத்துக்காக அவள் எழுதியதில்தான் அந்த இரண்டு வரிகளும் இருந்தன.

அந்த வாய்க்காலில் முன்பெல்லாம் மதகு ஷட்டரின் கைப்பிடி யாரிடம் இருந்ததோ அவர் வயலுக்குத்தான் தண்ணீர். மண்டை உடைந்து போலீஸ் வரை போன பிறகு சங்கம் ஷட்டர்களுக்கு மோட்டார் பொருத்தியது. ஒவ்வொரு ஷட்டருக்கும் பக்கத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கணினி உத்தரவு அனுப்பினால்தான் ஷட்டர் ஏறும். உத்தரவில் சங்கத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருந்தாக வேண்டும். அதைப் போடும் ரகசியச் சாவி, பென் டிரைவ் அளவிலான ஒரு டோக்கனுக்குள் பிறந்து அதற்குள்ளேயே கிடந்தது. வெளியே எடுக்கவோ நகல் போடவோ வழியில்லை. டோக்கன் சங்கத் தலைவி விஜயலட்சுமியின் கைப்பையில் இருந்தது. முறை வரும்போது அவர் வந்து கணினியில் செருகுவார்.

சாவி எங்கே இருக்கிறது என்று நிரல்தான், கையெழுத்துப் போடும் கணக்கைச் செய்துதரும் ஆயத்த நிரல்தொகுப்பான கிரிப்டோகிராபி லைப்ரரிக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு முகவரி உண்டு, யூஆர்ஐ என்பார்கள். முகவரி டோக்கனைக் காட்டினால் லைப்ரரி டோக்கனில் தேடும்; சர்வரில் இருக்கும் கோப்பைக் காட்டினால் கோப்பைத் திறக்கும். அதற்கு இரண்டும் ஒன்றுதான். முகவரி டோக்கனுடையதாக இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடு என்று சுடர்விழி எழுதியிருந்தாள். சபரிநாதன் தூக்கச் சொன்னது அதைத்தான்.

“எதுக்கு சார்?”

“அந்தம்மா ஊர்ல இல்லாத நேரத்துல அவசரம்னா என்ன பண்றது? நம்ம சர்வர்லேயிருந்தும் உத்தரவு போகட்டும். முகவரிய மட்டும் மாத்திக் குடு.”

அவர் அனுப்பிய முகவரி சர்வரில் சான்றிதழ்கள் வைக்கும் கோப்பைக் காட்டியது. கையெழுத்தைச் சரிபார்க்க ஊருக்கே காட்டக்கூடிய பொதுச் சான்றிதழ்கள் மட்டுமே அங்கே இருக்க வேண்டும். சுடர்விழி அந்த முகவரியை லைப்ரரியிடம் கொடுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னாள். முதலில் ஒரு சான்றிதழ் வந்தது. அடுத்தும் ஒரு சான்றிதழ். சங்கத்தின் பெயரில்தான், ஆனால் அவள் இதுவரை பார்க்காதது. அதன் பின்னால் ஒரு ரகசியச் சாவி வந்து விழுந்தது. கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வைத்தாள்.

“இது யார் உண்டாக்கின சாவி சார்?”

சபரிநாதன் திரையைப் பார்க்கவே இல்லை. “நான்தான். ஷட்டர் பெட்டிங்களுக்கும் இதைச் சொல்லிக் குடுத்தாச்சு. சர்வீஸுக்குப் போன பையன் ஏத்திட்டு வந்துட்டான்.”

“சங்கத்துக்குத் தெரியுமா?”

“அன்பரசன் கேட்டார். அவர் மேல்மடையில பெரிய பண்ணை. இன்னும் நாலு சங்கத்த நம்மகிட்ட கொண்டாந்து விடுறேங்கிறார். எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது.”

சுடர்விழியின் அப்பா குத்தகைக்குப் பயிரிடுவது அதே வாய்க்காலின் கடைமடையில். புரட்டாசி மழை ஏமாற்றியிருந்தது. நேரடி விதைப்புச் சம்பா வெளிறிப்போய் நின்றது. ஆனால் அவள் அப்பாவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

“சங்கத்தோட கையெழுத்த சங்கத்துக்குத் தெரியாம போடுறது கள்ளக் கையெழுத்து சார். அந்த வரிய நான் எடுக்க மாட்டேன்.”

“நீ எடுக்கலேன்னா எடுக்கறதுக்கு ஆள் இல்லையா?”

“இருப்பாங்க. நான் சங்கத்துக்கிட்ட சொல்லத்தான் போறேன். ஒளிஞ்சு செய்யல. உங்ககிட்ட சொல்லிட்டே செய்யறேன்.”

“அப்ப நாளைலேர்ந்து வராத.”

“இன்னைக்கே கிளம்பறேன்.”

அலுவலக லேப்டாப்பை அங்கேயே வைத்தாள். கோப்பில் எதையும் அழிக்கவும் இல்லை, நகல் எடுக்கவும் இல்லை. புதிய பேருந்து நிலையத்தில் திருவாரூர் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், விஜயலட்சுமிக்கு போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை.

எடுக்காததற்குக் காரணம் ஊரில் இறங்கியதும் தெரிந்தது. கடைமடையின் முறை நடந்துகொண்டிருக்கும்போதே மேல்மடை ஷட்டர் தானாக ஏறியிருந்தது. தண்ணீர் முழுக்க அன்பரசன் பண்ணைப் பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு வரியைத் தூக்கச் சபரிநாதனுக்கு ஆள் கிடைத்துவிட்டான் போலிருக்கிறது. கணினியில் பார்த்தால் உத்தரவில் சங்கத்தின் கையெழுத்து. நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கூட்டம் கூடி விஜயலட்சுமியைச் சுற்றி வளைத்திருந்தது.

“டோக்கன் உங்ககிட்டதானே இருக்கு? அப்புறம் யார் போட்ட கையெழுத்து?” என்று ஒருவர் கத்தினார். “எவ்வளவுக்குப் பேசி முடிச்சீங்க?” என்றது இன்னொரு குரல்.

விஜயலட்சுமி, புருஷன் இறந்த பிறகு தானே உழவு பார்த்து நிமிர்ந்தவர். யார் முன்னாலும் கண் கலங்கியதில்லை. இப்போது டோக்கனை உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டே நின்றார். சற்றுத் தள்ளி அன்பரசன் பைக்கில் சாய்ந்தபடி, “விடுங்கப்பா, மெஷின்னா தப்பு வரத்தான் செய்யும்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுடர்விழி கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள்.

“அக்கா கையெழுத்துப் போடல. தஞ்சாவூர்ல இன்னொரு சாவி இருக்கு. என் கண்ணால பார்த்தேன். அதனாலதான் எனக்கு வேலை போச்சு.”

அன்பரசன் நிமிர்ந்தார். “யாரு, குத்தகைக்காரன் பொண்ணா? கம்பெனி ரகசியத்த ஊர்ல வந்து பரப்புறியா? கோர்ட்டுக்கு இழுப்பாங்க, தெரியுமா?”

“இழுக்கட்டும். சங்கத்துப் பேர்ல இருக்கற சாவி சங்கத்துக்கு ரகசியமா? வாங்க, ஷட்டர் பெட்டிகிட்டயே கேட்டுரலாம்.”

பெட்டிகளின் பூட்டுச் சாவி சங்கத்திடம்தான் இருந்தது. விஜயலட்சுமி முன்னே நடந்தார். கூட்டமே வாய்க்கால் கரையோடு பின்தொடர்ந்தது. சங்கத்தின் பழைய லேப்டாப்பைப் பெட்டியில் இணைத்து, யார் யார் கையெழுத்தை நம்புகிறாய் என்று சுடர்விழி கேட்டாள். திரையில் இரண்டு வரி வந்தது. இரண்டிலும் சங்கத்தின் பெயர்.

“ஒண்ணு உங்க டோக்கன்ல இருக்கறது. அதைச் செருகுங்கக்கா, எதுன்னு காட்டறேன்.”

டோக்கன் முதல் வரியோடு பொருந்தியது. இரண்டாவதற்குச் சொந்தம் கொண்டாட ஆளில்லை. எல்லோருடைய முகமும் அன்பரசன் பக்கம் திரும்பியது.

“அவசரத்துக்குன்னுதான்…” என்று ஆரம்பித்தார் அவர்.

“யாரோட அவசரத்துக்கு?” விஜயலட்சுமியின் குரல் உயர்ந்தது. “எங்க பயிர் வெளிறினப்ப வராத அவசரம்! சுடரு, அதை எடும்மா. தலைவியா நான் சொல்றேன்.”

அவர் டோக்கனின் கையெழுத்தோடேயே அந்தப் பெட்டி நம்பும் பட்டியலிலிருந்து இரண்டாவது சாவி நீக்கப்பட்டது. அடுத்த உத்தரவில் மேல்மடை ஷட்டர் முனகிக்கொண்டு இறங்கியது. அன்பரசன் ஒதுங்கிப் போய் யாரிடமோ போனில் பேசினார். கொஞ்ச நேரத்தில் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது: சர்வரிலிருந்து வந்த உத்தரவு, தெரியாத கையெழுத்து, ஏற்கப்படவில்லை. மறுபடி எரிந்தது. ஷட்டர் அசையவில்லை. யாரோ விசிலடித்தார்கள்.

கரையோடு நடந்து எல்லாப் பெட்டிகளிலும் அதையே செய்து முடித்தார்கள். சற்று முன் கத்தியவர் விஜயலட்சுமியின் அருகே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். “அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல தண்ணியப் பாருங்க” என்று விஜயலட்சுமி நகர்ந்துவிட்டார்.

கடைமடையில் எல்லா வயலும் பிழைக்கவில்லை. சுடர்விழியின் அப்பாவுக்கு ஒரு துண்டு நிலம் கருகித்தான் போனது. சபரிநாதனுடனான ஒப்பந்தத்தைச் சங்கம் முறித்தது. நிரலைப் பராமரிக்கும் வேலையை அவளிடமே கொடுத்தார்கள். எந்த முகவரியிலிருந்து எந்தச் சாவி எடுக்கப்படுகிறது என்பதைச் சங்கத்தில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அவள் ஒப்புக்கொண்டாள். அன்பரசன் அதை எதிர்த்தார். கை தூக்கச் சொன்னபோது அவருடையதைத் தவிர வேறு கை எழவில்லை.

ஐப்பசியில் சபரிநாதனிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. நிறுவனத்தின் ரகசியத்தை வெளியிட்டதற்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் மேல்நடவடிக்கை இராது என்றிருந்தது. அப்பா படித்துவிட்டுக் கவலையோடு அவள் முகத்தைப் பார்த்தார். “ஒரு வார்த்த எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுடுமேம்மா?”

“என்னன்னு எழுதறதுப்பா? கள்ளக் கையெழுத்தக் காட்டிக் குடுத்தது தப்புன்னா?”

அவள் வெள்ளைத்தாளை எடுத்தாள். தான் பார்த்தது என்ன, யாரிடம் என்ன சொன்னாள், ஏன் சொன்னாள் என்பதையெல்லாம் நிதானமாக எழுதினாள். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை. கடைசியில், வழக்குப் போட்டால் சாவி இருந்த அந்த சர்வர் கோப்பை நிறுவனம் நீதிபதி முன்னால் திறந்து காட்டத் தயாராக இருக்கும்படி கேட்டுக்கொண்டாள். கீழே, தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.