கியர் காதும் நாற்பது நிமிடமும்

அந்தச் சனிக்கிழமை காலை திகன பட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: பட்டறைக்காரர் ஹபீல், அவருடைய மகள் ரிப்கா, மனைவியின் தம்பி லாபிர். பிறகு ஊரில் கிளம்பிய கதைகளில் நான்காவதாக ஒருவர் வந்தால் நம்ப வேண்டியதில்லை.

ரிப்காவின் சைக்கிள் மேசைமேல் தலைகீழாகக் கிடந்தது. பகல் இரண்டு மணிக்குக் குண்டசாலையில் மாகாண அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. அவளுக்கு வயது பத்தொன்பது. அடுத்த வருடம் அந்த வயதுப் பிரிவில் அவளுக்கு இடமில்லை. முந்திய நாள் பயிற்சியில் விழுந்ததில், பின்சில்லுக்குப் பக்கத்தில் கியரைத் தாங்கும் இரும்புக் காதில் அடிபட்டு, போல்ட் ஆடியது. துளைக்குள் முதல் இரண்டு புரிகள் மழுங்கியிருந்தன, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காது கழற்றி மாற்றக்கூடியதல்ல. பழைய பிரேமோடு ஒன்றாய் வார்த்தது.

"வாப்பா, கண்டியில சைக்கிள் கடைக்கே கொண்டு போவமே."

"முப்பது வருஷமா பட்டறை வெச்சிக்கிட்டு எங்கட ஊட்டுச் சாமான வெளிய குடுக்கிறதா? ஆக்கள் என்ன செல்லுவாங்க?"

ஹபீல் வாழ்நாளெல்லாம் திருத்தியது த்ரீவீலர்தான். புரி வெட்டும் டெப்களில் பத்து மில்லிமீட்டரை எடுத்தார். அளவு சரி, ஆனால் த்ரீவீலர் போல்ட்டின் புரிகள் சைக்கிளுடையதைவிட இடைவெளி கூடியவை. அதை அவர் நினைக்கவில்லை. இரண்டாவது சுற்றிலேயே டெப் இறுகியது. அழுக்கு என்று எண்ணி, எண்ணெய் விட்டு, நீளப் பிடியைப் போட்டு அழுத்தினார். மினுங்கும் இரும்புத் தூள் கொட்டியது. போல்ட்டை வைத்துப் பார்த்தபோது அது துளைக்குள் விரலைப் போலப் போய் வந்தது.

ரிப்கா கதிரையில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"மச்சான், ஒரு வேல செஞ்சீங்க!" என்றார் லாபிர். "இனி நடராஜா பாஸ்தான்."

கட்டுகஸ்தோட்டையில் இரும்பு கடையும் லேத் வைத்திருந்த மேஸ்திரி நடராஜாவின் வாசலை மிதிப்பதில்லை என்று ஹபீல் சொல்லி ஒன்பது வருடம். ஒரு எஞ்சின் வேலையில் வந்த வாய்த்தர்க்கம். சொன்ன சொல்லை அவர் குடும்பத்தில் யாரும் திருப்பி விழுங்கியதில்லை. ஆனால் மகள் நாடாவை மூன்றாம் முறையும் அவிழ்ப்பதைக் கண்டபின் அவர் சைக்கிளைத் தூக்கி லாபிரின் த்ரீவீலரில் வைத்தார். மடவளையில் பஸ்கள் வழியை அடைத்து நின்றன. கட்டுகஸ்தோட்டையை எட்டும்போது பன்னிரண்டு கால்.

நடராஜா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"அடடே, வாங்க ஹபீல் நானா! வழி தெரிஞ்சிச்சா?" என்றவர் துளையில் விரல் வைத்தார். "யாரு இதுல கை வச்சது?"

ஹபீல் வாய் திறக்குமுன் லாபிர் முந்திக்கொண்டார்: "ஒருத்தரும் இல்ல பாஸ். புள்ள நேத்து உழுந்திட்டா. போல்ட் கோணலா ஏறிட்டு."

ரிப்கா தகப்பனைப் பார்த்தாள். வாசலில் தச்சர் ஒருவரும் பஸ் கொண்டக்டர் ஒருவரும் தம் வேலைக்காகக் காத்திருந்தார்கள். ஹபீல் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். பிறகு சொல்லலாம் என்று அவருடைய மனம் சொன்னது.

விழுந்து கோணிய புரி என்றால் வைத்தியம் வேறு. துளையின் பின்புறத்தில் நல்ல புரி மிஞ்சியிருக்கும். அங்கிருந்து டெப்பை விட்டால் அது பழைய பாதையைப் பிடித்துக்கொள்ளும். நடராஜா அதைத்தான் செய்தார். புரி நெருங்கிய சைக்கிள் டெப்பை எடுத்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாக ஓட்டினார். கழுவினார். போல்ட்டைப் போட்டார். பிடித்தது. ரிப்கா எழுந்து நின்றாள். இறுக்கினார், மளுக்கென்று வெளியே வந்தது. இன்னொரு முறை, இன்னும் ஆழமாக. அப்போதும் வந்தது.

மணி ஒன்றாக ஐந்து நிமிடம். நடராஜா டோர்ச் அடித்துக் குனிந்தார்.

"விழுந்தா இப்படி ஆகாதே... உள்ளுக்கு ரெண்டு விதப் புரி கெடக்கு."

"நான்தான்," என்றார் ஹபீல். அவருடைய குரலை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "த்ரீவீலர் டெப் போட்டேன். என்ட கையாலதான்."

தச்சர் தலையைத் திருப்பிக்கொண்டார். கொண்டக்டர் திருப்பவில்லை.

"இத வந்த ஒடனே சொல்லிருந்தா, நேரா புஷ் கடைஞ்சிருப்பேனே நானா," என்றார் நடராஜா. லேத்தை ஓட்டினார். துளையைப் பெரிதாகத் துளைத்து, விளிம்பு வைத்த சிறு இரும்புக் குழலாக ஒரு புஷ்ஷைக் கடைந்து உள்ளே அடித்து, அதற்குள் புதுப் புரி வெட்டினார். போல்ட் வெண்ணெயாய் ஏறி, கல்லாய் நின்றது. தம் வேலையைப் பிந்தவைத்து ஹபீலுடையதை முடிக்கச் சொன்னவர் அந்தத் தச்சர்தான். அப்படியும் ஒன்று முப்பத்தைந்து.

லாபிர் வழியெல்லாம் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. ரிப்கா சில்லைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். ஹபீல் ஒரு தடவை அவள் தோளில் கை வைத்தார். அவள் விலகவுமில்லை, திரும்பவுமில்லை.

குண்டசாலையில் இறங்கியபோது இரண்டு பத்து. கோடு போட்டிருந்த இடத்தில் தண்ணீர்ப் போத்தல்கள் மட்டும் கிடந்தன. பட்டியல் வைத்திருந்த பெண்மணியிடம் ஹபீல் ஓடினார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, தெரிந்த சிங்களத்தில், பிழை தன்னுடையது, பிள்ளையுடையதல்ல என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தப் பெண்மணி இரக்கத்தோடு கேட்டாள். பட்டியலை மூடிவிட்டதாகச் சொன்னாள்.

"நான் சைக்கிள்லயே ஊட்டுக்குப் போறேன் வாப்பா," என்றாள் ரிப்கா.

"புள்ள... என்ன மன்னிச்சிக்கோ."

"பாஸ் கேட்ட நேரம் நீங்க பேசியிருக்கலாம்."

அவள் ஏறி மிதித்தாள். ஏற்றத்தில் கியர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சத்தமில்லாமல் மாறியது. ஹபீல் வீதியோரத்தில் நின்று, அவள் மறைந்த பிறகும் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய கோபத்தை மனதில் வைத்து நடராஜா வேண்டுமென்றே வேலையை இழுத்தடித்தார் என்று திகனயில் இப்போது பேச்சு. அது பொய். நடராஜா ஒரு நிமிடத்தையும் வீணாக்கவில்லை. அந்த நாற்பது நிமிடம் போனது ஹபீல் வாய் திறக்காததால்.