கார்த்திகை முடிவதற்குள்

தொலைபேசியில் வந்த பெண்குரல் கனிவாகத்தான் இருந்தது.

“சுவர்ணா சிவரூபன் தானே? நாளைக்கு ஒன்பதரைக்கு உங்களுக்கு சிசேரியன். நடுச்சாமத்துக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடாதேங்கோ. விடிய ஏழு மணிக்கு வந்து கையெழுத்து வைச்சாச் சரி.”

மடித்துக்கொண்டிருந்த குழந்தைச் சட்டை சுவர்ணாவின் மடியிலேயே கிடந்தது.

“நீங்கள் ஆள் மாறி எடுத்திட்டியள் போல. நான் காட்டுறது அரசாங்க ஆஸ்பத்திரியிலை. நோர்மலாப் பிறக்கும் எண்டுதான் டொக்டர் சொன்னவர்.”

“இல்லையே, இணுவில் எண்டு போட்டிருக்கு. வயசு முப்பத்தொண்டு, முதல் பிள்ளை. உங்கடை சொந்த விருப்பத்திலை செய்யிறது எண்டு உங்கடை அவர் எழுதித் தந்தவர்.”

பெயர், ஊர், வயது எல்லாம் சரி. விருப்பம் மட்டும் அவளுடையது இல்லை.

திங்கட்கிழமைதான் டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குழந்தையின் தலை கீழே இறங்கிவிட்டது, எடையும் அளவாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். கிளினிக் வாங்கிலில் அவளும் கணவன் சிவரூபனும் அருகருகே உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருந்தார்கள். தேவைப்பட்டால் வெட்டட்டும். தேவையில்லாமல் வேண்டாம். அதற்குத் தலையாட்டியவன், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, அவளுக்குத் தெரியாமல் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

மாலை ஐந்தரைக்கு அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கையில் அவளுக்குப் பிடித்த மரக்கறி றோல்ஸ் இருந்தது.

“நாளைக்கு ஒன்பதரைக்கு எனக்கு ஒப்பரேஷனாமே,” என்றாள் சுவர்ணா.

அவன் றோல்ஸ் பொட்டலத்தை மேசையில் வைக்க மறந்து நின்றான். மறுக்கக்கூட முயலவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

“இண்டைக்குச் சொல்லத்தான் இருந்தனான்.”

“எப்ப? என்னைத் தியேட்டருக்குள்ளை தள்ளேக்கையோ?”

“சுவர்ணா, நீர் கொஞ்சம் இரும். நான் சொல்லுறன்...”

“என்ரை விருப்பம் எண்டு எழுதினியளாம். என்னை ஒரு சொல்லுக் கேட்டியளோ?”

பதில் குசினி வாசலில் இருந்து வந்தது.

“அவரைப் பேசாதை பிள்ளை. நான்தான் சொன்னனான்.”

சுவர்ணாவின் அம்மா உதயகலா. பிள்ளைப்பேற்றுக்கு உதவ சாவகச்சேரியிலிருந்து வந்து இரண்டு கிழமை ஆகிறது. கையில் பெருங்காயம் மணக்க, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள்.

“நாளைக்கு மத்தியானம் பதினொண்டு இருபதோடை கார்த்திகை நட்சத்திரம் முடியுது. அதுக்குப் பிறகு ரோகிணி. ரோகிணியிலை பிள்ளை பிறந்தால் தாய்மாமனுக்குக் கூடாது. உனக்குத் திகதி சனிக்கிழமை. விட்டால் அந்த நேரத்திலைதான் பிறக்கும் எண்டு சாத்திரியார் கணக்குப் பாத்துச் சொன்னவர்.” அம்மாவின் குரல் தணிந்தது. “எனக்கு இருக்கிறது ஒருத்தன் பிள்ளை.”

அண்ணன் செந்தூரன் 2009இல் வன்னியில் காணாமல் போனவன். பதினைந்து வருடங்களுக்கு மேலாகியும் அம்மா அவனுக்குத் திதி செய்யவில்லை. மிஞ்சியிருப்பது தம்பி லக்ஷன் மட்டும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரே தாய்மாமன்.

இதை அம்மா எத்தனை நாளாகத் தனியே நெஞ்சில் சுமந்தாள்? கோபத்தை எங்கே வைப்பது என்று சுவர்ணாவுக்குத் தெரியவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“மாமி என்ரை காலைப் பிடிச்சவ,” என்றான் அவன். “என்னை விடப் பெரியவ, என்ரை காலைப் பிடிச்சவ. நான் என்ன செய்ய? அதோடை எனக்கும் பயம். நீர் உள்ளை கத்திறதை வெளியிலை நிண்டு கேக்க என்னாலை ஏலாது. வெட்டினால் அரை மணித்தியாலத்திலை முடிஞ்சிடும் எண்டு நினைச்சிட்டன்.”

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். ஒருவேளை சம்மதித்துவிடலாமோ என்றுகூட நினைத்தாள். ஒரு தழும்புதானே. அம்மா நிம்மதியாகத் தூங்குவாள்.

அப்போதுதான் சுவரில் தொங்கிய நாட்காட்டி கண்ணில் பட்டது. சிவரூபன் வீட்டார் வருடா வருடம் கொடுத்து அனுப்புவது. எழுந்து போய் நாளைய வெள்ளிக்கிழமைத் தாளைத் தூக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

“அம்மா, இதிலை கார்த்திகை காலமை ஏழு ஐம்பதோடை முடியுது.”

“ஆற்றை பஞ்சாங்கம் உது?”

“எங்கடை வீட்டிலை திருக்கணிதம்தானே மாமி,” என்றான் சிவரூபன். அதைச் சொல்லி முடித்த பிறகே என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

அம்மா வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், மாமியார் வீட்டில் திருக்கணிதம். கலியாணமான முதல் வருடப் பிறப்புக்கு, இரண்டு பஞ்சாங்கமும் சொன்ன இரண்டு நேரத்துக்கும் சுவர்ணா இரண்டு தடவை மூலிகை மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகி, மூன்று நாள் தும்மியிருக்கிறாள். அன்று எல்லாரும் சிரித்தார்கள். இன்று ஒருவரும் சிரிக்கவில்லை. ஒன்பதரை மணி ஒரு பஞ்சாங்கத்தில் கார்த்திகை. மற்றதில் ரோகிணி.

“அப்ப ஆறு மணிக்கு வைக்கச் சொல்லுங்கோ தம்பி,” அம்மா பதறினாள். “விடிய ஆறுக்கு. ரெண்டிலையும் சரிவரும். போனை எடுங்கோ.”

“என்ன, ஆருக்கு ஆறு மணிக்கு?”

லக்ஷன் வந்திருந்தான். சாவகச்சேரியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். அக்காவுக்கென்று சந்தையில் முருங்கைக்காய் வாங்கிக் கட்டி, கைநகத்தில் எண்ணெய்க் கறுப்போடு வாசலில் நின்றான். சுவர்ணாவே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் முருங்கைக்காய்க் கட்டை நிலத்தில் வைத்தான்.

“அம்மா, நான் ஒரு நாளைக்கு நாலு தரம் ஏ நைன் ரோட்டிலை பிறேக் சரியோ எண்டு பாக்க வேற ஆக்களின்ரை மோட்டார் சைக்கிளை ஓடுறனான். அதுக்கு ஒரு நாளும் பயப்பிடேல்லை. இன்னும் கண் முழிக்காத பிள்ளைக்குப் பயப்பிடுறியளோ?”

“நீ வாயை மூடடா.”

“மூடமாட்டன். என்னைக் காப்பாத்த அக்காவின்ரை வயித்தை வெட்டினால், நான் அவவின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?” பிறகு குரலை மாற்றினான். “ரோகிணி எண்டால் மாமன் முதலிலை எண்ணெய்க்குள்ளை பிள்ளையின்ரை நிழலைப் பாத்தால் தோஷம் போகும் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். ஒரு போத்தில் நல்லெண்ணெய் வாங்கி வாறன். பாத்துவிட்டாப் போச்சு.”

சுவர்ணா சிவரூபனிடம் கையை நீட்டினாள். “போனைத் தாங்கோ. என்ரை விருப்பத்தை நானே சொல்லுறன்.”

அவன் கொடுத்தான். அவள் அந்தக் கனிவான குரலுக்கு நன்றி சொல்லி, ஒப்பரேஷன் வேண்டாம் என்றாள். அம்மா குசினிக்குள் போய்விட்டாள். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

வெள்ளி விடியற்காலை ஐந்தரைக்குச் சுவர்ணாவுக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு, இரவு அங்கேயே தங்கிய லக்ஷன்தான் வான் பிடித்து வந்தான்.

ஏழு ஐம்பது போனது. பதினொன்று இருபதும் போனது. வலி வந்து வந்து போக, பிரசவ விடுதிச் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்க்காமல் இருக்க அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று மணிக்கு டொக்டர் வந்து, குழந்தையின் இதயத்துடிப்பு வரைந்த தாளை நீளமாக இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

“பிள்ளை களைக்குது அம்மா. துடிப்புக் குறையுது. இன்னும் காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. சிசேரியன் செய்வம். உங்கடை சம்மதம் வேணும்.”

நேற்று முழுக்க எதை வேண்டாமென்று நின்றாளோ அது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தேவையோ டொக்டர்?”

“தேவை.”

பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தாள். இந்தமுறை விருப்பமும் அவளுடையது. கதவடியில் நின்ற சிவரூபன் தள்ளுவண்டியோடு கூடவே ஓடி வந்து, அவள் விரல்களைத் தியேட்டர் வாசல்வரை விடாமல் பிடித்திருந்தான். “நீர் சொன்னதுதான். நீர் சொன்னதுதான்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வேறு எதுவும் அவனுக்கு வரவில்லை.

மூன்று நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எந்தப் பஞ்சாங்கத்திலும் ரோகிணிதான்.

சுவர்ணாவை விடுதிக்குக் கொண்டுவந்தபோது அம்மா கட்டிலடியில் நின்றாள். ஒரே நாளில் பத்து வயது கூடினவள் போல இருந்தாள். நேரம் கேட்கவில்லை. “உயிரோடை வந்திட்டாய்,” என்று மட்டும் சொல்லி, மகளின் நெற்றியைத் தடவினாள். பிறகு மெல்ல, “தேவையில்லாத நேரம் வெட்டச் சொன்னன். இண்டைக்கு வெட்டப் போகினம் எண்ட உடனை, எனக்கு லக்ஷனின்ரை நினைப்பே வரேல்லை பிள்ளை. நீதான் கண்ணுக்கு முன்னாலை நிண்டாய்,” என்றாள்.

பார்வையாளர் நேரத்துக்கு லக்ஷன் வந்தான். நகங்களைத் தேய்த்துக் கழுவியிருந்தான். ஒரு கையில் வெண்கலக் கிண்ணம், மறு கையில் நல்லெண்ணெய்ப் போத்தில். கண்ணை இறுக்கி மூடியபடி, கட்டிலில் முழங்கால் இடிபட நடந்து வந்தான்.

“அம்மா, எண்ணெயை ஊத்துங்கோ. நான் இன்னும் பாக்கேல்லை. சத்தியமாப் பாக்கேல்லை.”

அம்மா கிண்ணத்தை வாங்கினாள். சிறிது நேரம் அதைக் கையில் வைத்திருந்தாள். பிறகு அலுமாரிக்கு மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, துணியில் சுற்றியிருந்த பேத்தியைத் தூக்கி அவன் கைகளில் வைத்தாள்.

“கண்ணைத் திறவடா,” என்றாள். “நேராப் பார்.”