ஒன்பதாவது மைலில் ஐந்து நிமிஷம்

ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சீவரத்தினம் அர்ச்சுனனை ஆபீஸ் வாசலில் உட்காரவைத்து அவன் கால்களைத் தொட்டுப் பார்த்தார். மாடு வாங்க வந்தவர் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் தன் ராஜாவின் பிறந்தநாளுக்காகக் கோலா சாவாவிலிருந்து போர்டிக்சன் வரை பதினைந்து மைல் ஓட்டம் வைத்திருந்தான். தோட்டத்துக்கு ஓர் ஆள். ஜெயிக்கிற தோட்டத்துக்கு ஒரு மூட்டை அரிசி. மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று நாக்குச் செத்துப்போன சனத்துக்கு அரிசி என்றால் சும்மாவா? கிராணி பள்ளிக்கூடக் காலத்தில் ஓட்டக்காரர். இப்போது கால் நின்றுவிட்டது. வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“முதல் எட்டு மைலும் அடக்கி ஓட வேணும், விளங்குதோ? ஆரும் முந்திப் போனால் போகட்டும். ஒன்பதாம் மைலுக்குப் பிறகுதான் உன்ர வேலை.”

“சரிங்கய்யா.”

“இடையில நிக்கப்படாது. நிண்டால் கால் பிடிச்சுப்போடும்.”

“சரிங்கய்யா.”

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அதில் ஒன்றைக்கூடச் செய்கிற எண்ணம் அவனுக்கு இல்லை.

அர்ச்சுனனுக்கு ஓட்டத்தில் ஆசை ஏது? அவனுக்குப் பெண்டாட்டியைப் பார்க்க ஆசை. ஒன்பதாவது மைலில் சாலையோரமாக ஒரு தோட்டம் இருக்கிறது. பிரசவத்துக்கென்று தாய்வீட்டுக்கு, அந்தத் தோட்டத்துக்குப் போனவள் வள்ளிநாயகி. போய்ப் பத்து மாசம். அதற்குள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாலையில் தனியாகப் போகிற ஆம்பிளையை லோரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். போனவன் எவனும் திரும்பவில்லை. பிள்ளைக்கு எட்டு மாசம் ஆகியும் அர்ச்சுனன் அதன் முகம் பார்க்கவில்லை. நெஞ்சில் நம்பர் துணி கட்டியவனை மட்டும் நாளை ஒருநாள் யாரும் தொடமாட்டார்கள். அதனால்தான் முன்னே வந்து பெயர் கொடுத்தான்.

ஆனால் ஓட்டத்தின் வாலில் ஒரு லோரி வரும். முடியாமல் உட்கார்ந்தவனை ஏற்றிக்கொள்ளும். அது எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆகவே அர்ச்சுனன் தனியாக ஒரு கணக்குப் போட்டிருந்தான். முதல் ஒன்பது மைலும் உயிரைக் கொடுத்து ஓடி எல்லோரையும் முந்திவிட வேண்டியது. மிச்சம் பிடித்த நேரத்தில் ஐந்து நிமிஷம் வள்ளியோடு நிற்பது. அப்புறம் லோரிக்கு முன்னால் தவழ்ந்தாவது போய்ச் சேர்வது. இதற்காக இரண்டு மாசமாகப் ரப்பர் பால் வாளிகளைக் காண்டாக் கம்பின் இரு முனையிலும் தூக்கிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் ஓடியிருந்தான்.

கிழங்கு ஏற்றிப்போக அனுமதிச் சீட்டு வைத்திருந்த மாட்டுவண்டிக்காரன் சன்னாசியிடம் வள்ளிக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். அவன் இருட்டுவதற்குள் திரும்பி வந்தான்.

“சொல்லிட்டேன்டா. ஒன்பதரைக்குப் புள்ளையோட தோட்டத்துக் கேட்டுல நிப்பேன்னுச்சு. சொல்றப்பவே அழுவுது. நாளைக்குக் கட்டன்னு சேலை வேற தொவைச்சுப் போட்டிருக்கு, லா.”

 அர்ச்சுனன் கால்களுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்தான். பிறகு கத்தி இரவல் வாங்கி முகம் மழித்துக்கொண்டான்.

“ஓட்டத்துக்கு எதுக்கடா சவரம்?” என்று கேட்டார் கிராணி.

“காத்துத் தடுக்காது பாருங்கய்யா.”

மறுநாள் எட்டு மணிக்குக் கொடி அசைந்தது. அர்ச்சுனன் பிய்த்துக்கொண்டு போனான். “அடே, அடக்கு! அடக்கு!” என்று கிராணி கத்தியது அரை மைல் வரை கேட்டது. ரந்தாவ் ஊரைத் தாண்டும்போதே அவனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. ஆறாவது மைலில் விலா குத்தியது. குத்தட்டும் என்று ஓடினான். ஒன்பதாவது மைலுக்கு வந்து திரும்பிப் பார்த்தால் சாலையில் ஈ காக்கை இல்லை. நினைத்தபடியே வந்துவிட்டான்.

கேட்டில் யாரும் இல்லை.

பக்கத்தில் பிள்ளைக் கொட்டகை இருந்தது. வேலைக்காட்டுக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். அங்கே பார்த்துக்கொள்கிற பஞ்சாலை என்கிற ஆயா எட்டிப் பார்த்தாள்.

“வள்ளி எங்க, ஆயா? நான்தான் அவ வூட்டுக்காரன்.”

“மலைக்கு அந்தாண்ட கிழங்கு நடுறா தம்பி. ஒன்பதரைக்கு மண்டோர்கிட்ட கேட்டுக்கிட்டு வாரேன்னாளே.”

“இப்ப ஒன்பதரைதானே!”

“எங்க? இப்பத்தான எட்டு அடிச்சாங்க.”

ஜப்பான்காரன் வந்ததும் தோக்கியோவுக்கு ஏற்றாற்போல் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளச் சொன்னான். சீவரத்தினம் அன்றைக்கே தள்ளிவிட்டார். இந்தத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோர், சூரியனுக்கு எவன் ஆர்டர் போட்டான் என்று பழைய கணக்கிலேயே மணி அடித்துக்கொண்டிருந்தார். அர்ச்சுனன் ஜப்பான் மணி என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லி அனுப்பியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. புது மணியிலேயே பிழைத்துப் பழகியவனுக்கு அது தோன்றவும் இல்லை.

“ஆள் அனுப்பட்டுமா? போயி வர ஒரு மணி நேரம் ஆவும்.”

“வேணாம் ஆயா, அதுக்குள்ள லோரி வந்துரும்.”

“புள்ள இங்கதான் இருக்கு. பாரு வா.”

உள்ளே ஏழெட்டுத் தூளிகள் தொங்கின. “எது?” என்று கேட்டான். தன் பிள்ளையை எது என்று கேட்கிற நிலை எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது.

பெண் குழந்தை. தூக்கியதும் வியர்வை பட்டு வீரிட்டது. மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டினான். அழுகை ஓய்ந்து, ஈரக் கையால் அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தது. வள்ளியின் மூக்கு, அப்படியே வள்ளியின் மூக்கு. வெளியே காலடிச் சத்தம் கேட்டது. ஒருவன் போனான். இருவர் போனார்கள். அப்புறம் கும்பலாகப் போனார்கள். அரிசி மூட்டையும் அவர்களோடு போனது. அவன் பிள்ளையை விடவில்லை. வளைவில் லோரி ஹாரன் அடித்தது.

“போ தம்பி! ஓடு!” ஆயா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். “அவகிட்ட என்ன சொல்லட்டும்?”

வாசலைத் தாண்டியவன் திரும்பினான்.

“வந்தேன்னு சொல்லுங்க.”

ஓடினான். கால் பிடித்துக்கொண்டது, நொண்டிக்கொண்டே ஓடினான். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் வள்ளி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வருவாள். மணி இப்போதுதானே ஒன்பதரை, ஆயா சொன்னால் நம்பமாட்டாள். அவன் வருவான் என்று ரந்தாவ் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.