இருக்கையில் ஆள் இல்லை

ஜொய்சன் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தான். எஞ்சின் உறுமியது, கறுப்புப் புகை விட்டது, எல்லாம் செய்தது. மண் தோண்டும் அந்த பெக்கோ மெஷினின் இரும்புக் கை மட்டும் அசையவில்லை.

"அசையுதா தம்பி?" கீழே குடையோடு நின்ற பக்கத்து வீட்டு நல்லரத்தினம் கேட்டார். காலையிலிருந்து இதே கேள்விதான்.

"அசைஞ்சா ஒங்களுக்குத் தெரியாதா மாமா?"

நல்லரத்தினம் கோபிக்கவில்லை. செத்த வீட்டுக்காரனோடு யார் கோபிப்பார்கள்? அது ஜொய்சனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விடாமல் பெய்த மாரி மழையில் அந்த வாவிக்கரை ஒழுங்கை நிறைந்துபோயிருந்தது. தண்ணீர் வாவிக்குள் இறங்க வழியில்லை. குறுக்கே கிரவல் றோட்டு. அப்பா பிலிப்பு யாரையும் கேட்கவில்லை. நேற்றுப் பின்னேரம், தான் ஓட்டுகிற பெக்கோவை முதலாளி சாலிஹின் வளவிலிருந்து எடுத்து வந்து றோட்டை வெட்டத் தொடங்கிவிட்டார். கடைசி வாளி மண் மட்டும் மிச்சம். வாளியை இறக்கியவர் அப்படியே கைப்பிடியின் மேல் சாய்ந்தார். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இறக்கின வாளி இறக்கின இடத்திலேயே, தண்ணீர் ஓட வெட்டின கானின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மண்வெட்டியோடு வந்தவர்கள் சுற்றித் தோண்டிப் பார்த்தார்கள். அடியில் பழைய மதகின் கொங்கிறீட் தட்டியது, கைவிட்டார்கள். முற்றத்துக்கு வந்த தண்ணீர் இப்போது வாசற்படியைத் தொடுகிறது. வீட்டுக்குள் அப்பாவின் சவப்பெட்டி. பின்னேரம் அடக்கம்.

கொழும்பில் ஜொய்சனுக்கு இதுதான் தொழில். பெரிய மெஷின்களில் மடிக்கணினியைக் கொழுவி, அவை பழுதைச் சொல்லும் குறியீடுகளை, கோட்டுகளை, வாசித்து, எங்கே நோவு என்று கண்டுபிடிப்பது. பிலிப்பு மகனை 'கொம்பியூட்டர் டொக்டர்' என்றுதான் சொல்லுவார். பாதி பெருமை, பாதி பகிடி. அந்த டொக்டருக்கு இன்றைக்குச் சொந்த வீட்டு வாசலில் கை ஓடவில்லை.

மெஷினுக்குள் பழைய கோட்டுகள் குவிந்து கிடந்தன. பிலிப்பு ஒன்றையும் பார்க்கக் கொடுத்ததில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்து தொல்லை தருகிறதென்று அதன் மேல் வயர் சுற்றும் கறுத்த ரேப்பை ஒட்டிவிட்டு ஓட்டியிருக்கிறார். ஜொய்சன் அதை உரித்து எறிந்தான். நெஞ்சு நோவுக்கும் இந்த மனுசன் இதைத்தான் செய்திருப்பார். நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது.

எண்ணெய் வால்வு என்று ஒரு கோட் சொன்னது. அதை நம்பி, வால்வைக் கழற்றிக் கழுவிப் பூட்டியதில் காலை முழுவதும் போனது. பலனில்லை. பிறகுதான் எல்லாவற்றையும் அழித்தான். பழைய நோயெல்லாம் போக, இப்போதைய நோவு எதுவோ அது மட்டும் திரும்பி வரும். முதலில் செய்திருக்க வேண்டியது இதைத்தான். செத்த வீட்டில் யாருக்குப் புத்தி நேராக ஓடுகிறது?

ஒன்றே ஒன்று திரும்பி வந்தது. இருக்கையில் ஓட்டுநர் இல்லை.

"அப்ப நான் ஆர்?" திரையைப் பார்த்துக் கத்தினான். "நான் ஆர் இதில குந்தியிருக்கிறது? பேயா?"

நல்லரத்தினம் குடையை மடக்கிக்கொண்டு ஏறி எட்டிப் பார்த்தார். "என்னவாம்?"

"சீட்டில ஆள் இல்லையாம். சீட்டுக்குள்ள ஒரு சுவிச் இரிக்கி மாமா. ஆள் இருந்தாத்தான் கை அசையும். இது நான் இருந்தும் இல்லையெண்டுது."

தன் தடித்த உடம்போடு எழும்பி எழும்பி இருந்து பார்த்தான். இருக்கையின் நடு, ஆண்டுக்கணக்கான உழைப்பில் பள்ளமாகியிருந்தது. வயர்களை மீற்றர் வைத்துச் சோதித்தான், பழுதில்லை. சுவிச்சை விட்டுவிட்டு இரண்டையும் நேரே முறுக்கி விட்டான். ஏய்க்கப் பார்க்கிறாய் என்று மெஷின் வேறொரு கோட்டைக் காட்டிப் பூட்டிக்கொண்டது. சுவிச் செத்துவிட்டது என்று முடிவுகட்டிக் கொழும்புக்குப் போன் எடுத்தான். றோட்டில் வெள்ளம் வடிந்தால்தான் சாமான் அனுப்பலாம் என்றார்கள். போனை இருக்கையில் வீசிவிட்டு இறங்கினான்.

வீட்டுக்குள் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பியிருந்தார்கள். தண்ணீர் படியைத் தாண்டி விறாந்தைச் சீமெந்தில் பரவத் தொடங்கியிருந்தது. பெட்டி இரண்டு மர வாங்குப் பலகைகளின் மேல் இருந்தது. தலைமாட்டில் மெழுகுதிரி. அம்மா மார்கிறட் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். கால் நனைவதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"மெஷின் சரிவராதும்மா. அப்பாவ இப்பவே கோயிலுக்குக் கொண்டு போவம்."

"எப்பிடி? கார் வருமா?"

"தூக்கித்தான் போகணும். ஒழுங்கையில இடுப்பளவு தண்ணி."

"கால் தடுக்கி ஆரும் விழுந்தா?" அவள் குரல் உயர்ந்தது. "தண்ணி ஏறப்போகுதெண்டு சொல்லித்தான் அந்த மனுசன் போய் வெட்டினது. அவரையே அந்தத் தண்ணிக்குள்ள போடப்போறியா மனே?"

"நான் என்னம்மா செய்ய? காலையில இருந்து சாகிறன். அவர் ஒண்டையும் ஒழுங்கா வச்சிருக்க இல்லை. ஒரு கோட் வந்தா ரேப் ஒட்டுறது. அந்த மெஷின எப்பிடித்தான் ஓட்டினாரோ..."

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெட்டிக்கு முன்னால் இப்படிப் பேசக்கூடாது என்று அவனுக்கும் தெரியும். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். நாடி நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. தலை அளவுக்கு மேல் உயர்ந்திருந்தது.

"ஏன் தலை இப்பிடிக் கிடக்கு?"

"அது அவர்ர சீட்டுத் தலகணி," என்றாள் அம்மா. "மெஷினால இறக்கக்குள்ள அதையும் சேத்துத்தான் தூக்கினவங்க. ஓட்டோவிலயும் அதிலதான் தலை வச்சவர். பெட்டிக்காரன் வேற தந்தான். நான்தான் இது கிடக்கட்டும் எண்டன். இது இல்லாம அவர் மெஷினில ஏறவே மாட்டார்."

ஜொய்சன் குனிந்து விரலை உள்ளே விட்டான். பழைய சீலைத் துணியில் அம்மா தைத்த சின்னத் தலையணை. அடிப்பக்கத்தில், சரியாக நடுவில், உள்ளங்கையளவு மரக்கட்டை ஒன்று வைத்துத் தைக்கப்பட்டிருந்தது.

"இதுக்குள்ள என்னம்மா கட்டை?"

"அவர்தான் வச்சுத் தைக்கச் சொன்னவர். சீட்டுப் பள்ளமாப் போயிட்டாம். இது இருந்தாத்தான் மெஷின் தன்னை ஆளா மதிக்குமாம் எண்டு சொல்லிச் சிரிப்பார். எனக்கு என்ன விளங்கிச்சு?"

சுவிச் சாகவில்லை. அது பள்ளத்துக்குள் ஆழத்தில் கிடக்கிறது. எவ்வளவு தடித்தவன் இருந்தாலும் பாரம் அதில் விழாது. கட்டை நேரே போய் அழுத்த வேண்டும். அப்பா வெறும் ரேப் மட்டும் ஒட்டியிருக்கவில்லை. காலையிலிருந்து அதே இருக்கையில் இருந்து அவரைத் திட்டியதை நினைக்க ஜொய்சனுக்கு முகம் சுட்டது.

"இதாலதான் மெஷின் வேலை செய்யிது," என்றான் மெல்ல.

அவன் அடுத்த சொல்லை எடுக்குமுன் அம்மா எழும்பிவிட்டாள். ஒரு கையால் பிலிப்புவின் தலையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தலையணையை இழுத்தெடுத்து அவனிடம் நீட்டினாள்.

"கொண்டு போ. கெதியாப் போ."

எந்த மரத்துண்டும் போதும். அடுப்படியில் கிடக்கும் விறகுத்துண்டு போதும். அவனுக்கு அது தெரியும். ஆனாலும் தலையணையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினான்.

முறுக்கிய வயர்களைப் பிரித்துப் பழையபடி பூட்டினான். தலையணையைப் பள்ளத்தில் வைத்து அதன் மேல் இருந்தான். திரையில் எழுத்து அழிந்தது. கைப்பிடியை இழுத்தான். வாளி சேறு வழிய எழும்பியது. மிச்சமிருந்த மண்ணையும் அள்ளிக்கொண்டு எழும்பியது. தேங்கி நின்ற தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வாவிப் பக்கம் பாய்ந்தது.

"அசையுது தம்பி! அசையுது!" நல்லரத்தினம் குடையை ஆட்டினார்.

கானை அகலமாக்கி, மெஷினை ஓரத்துக்கு எடுத்து, கார் வர வழிவிட்டு நிறுத்தினான். எழும்பித் தலையணையை எடுத்தான். திரையில் அந்தக் கோட் மறுபடி வந்தது. இருக்கையில் ஓட்டுநர் இல்லை. இந்த முறை அதோடு சண்டை பிடிக்க அவனுக்கு ஒன்றும் இருக்கவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தான்.

வீட்டில் தண்ணீர் படிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒரு பெண் விறாந்தைச் சேற்றைத் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டிருந்தாள். மேசையில் மடித்த சீலையும் வேறொரு தலையணையும் தொடாமல் கிடந்தன.

அம்மா அவன் விட்டுப்போன இடத்திலேயே குனிந்து நின்றாள். அவளுடைய வலது உள்ளங்கை அப்பாவின் தலைக்கு அடியில் இருந்தது.

"அசைஞ்சுதா?" என்று கேட்டாள்.

"ஓம்மா."

அவன் தலையணையைத் துடைத்து, அப்பாவின் தலையை உயர்த்திப் பிடித்தான். விறைத்துப்போன கையை அவள் மெல்ல மெல்ல வெளியே எடுத்தாள்.