பெருக்கல் குறி

நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்ல வாயெடுத்த டைரக்டர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். ஜன்னல் வெளிச்சம் மனைவியின் வலது கன்னத்தில் அளவாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் நிழல்தான் அவள் நெற்றியை மறைத்தது. கூடத்தின் நடுவில் அவள் உடலைக் கிடத்தி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் கண் ஃபிரேம் வைக்கிறது. அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

டைரக்டர் என்பது உறவுக்காரர்கள் வைத்த பெயர். கல்யாண வீடியோ எடுப்பதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டுக்குள்ளேயே குறும்படம் எடுப்பார். இதுவரை பதினோரு படங்கள். அவற்றில் ஒன்றையாவது முழுசாகப் பார்த்த உறவுக்காரர் கிடையாது. பெயரை மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள்.

மகள் வந்து காதருகே குனிந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அப்பா, அம்மா போட்டோ ஒண்ணு வேணும். பிரிண்ட் கடையில பத்து மணிக்குள்ள அனுப்பச் சொல்றாங்க. பன்னெண்டுக்கு வண்டி வந்துடும்."

"உன் போன்ல இருக்குமே?"

"ஆஸ்பத்திரியில எடுத்ததுதான் இருக்கு. மூக்குல குழாயோட. அதையா வைக்கிறது? மத்ததெல்லாம் அம்மா என்னை எடுத்தது."

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். "ஊர்ல இருக்கிற கல்யாணத்தையெல்லாம் படம் புடிச்சவன். கட்டினவ படம் ஒண்ணு இல்லைன்னு வெளிய சொல்லிடாதே."

"நிறைய இருக்குக்கா," என்று எழுந்தார் அவர்.

ஒன்றும் இல்லை என்பது அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்பே அவருக்குத் தெரியும்.

நடிக்க வருகிறவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. காலையிலேயே தரையில் டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டுவார். மனைவியை அதன் மேல் நிறுத்திவிட்டு லைட்டை நகர்த்துவார், தலைக்கு மேல் எவ்வளவு இடம் விடுவது என்று பார்ப்பார், ஃபோகஸ் வைப்பார். எல்லாம் சரியானதும் நடிகை வந்து குறியில் நிற்பாள். மனைவி டீ போடப் போய்விடுவாள். சாயங்காலம் இடம் பிடிக்கிறதே என்று அவர் முதலில் அழிப்பது இந்தச் சோதனை ஷாட்டுகளைத்தான். வாரத்தில் ஆறு நாள் தையல் கடையில் துணி வெட்டும் மேசை முன்னால் நிற்பவள், ஏழாவது நாள் இங்கே நின்றாள். பதினோரு படங்களில் அவள் முழங்கைகூடக் கிடையாது.

பன்னிரண்டாவது படம் முதல் நாளோடு நின்றுபோனது. அன்று மதியம்தான் அவள் மயங்கி விழுந்தாள். மூன்று வாரமாகக் கேமரா கூடத்து மூலையில் ஸ்டாண்டின் மேலேயே, துண்டு போர்த்தியபடி நிற்கிறது. விலை உயர்ந்த சாமான் என்று பயந்து, வந்தவர்கள் யாரும் அதைத் தொடவில்லை. அவர் போய் அதிலிருந்த கார்டைக் கழற்றி வந்தார்.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். நான்கு நிமிட வீடியோ ஒன்று திரையில் ஓடியது. அறைவாசலில் அம்மா.

"கொஞ்சம் இடது பக்கம். போதும். தலையத் தூக்கு," என்றது அவருடைய குரல்.

"கால் வலிக்குதுங்க."

"ரெண்டு நிமிஷம்."

அவள் நின்றாள். படம் இருண்டது, வெளுத்தது, சரியானது. முகம் துல்லியமாக இருந்தது. பேருந்துக்குக் காத்திருப்பவர்களின் முகம்.

"ஏங்க, இந்த வேஷத்த நான் பண்ணக் கூடாதா? நாலு வரி வசனம்தானே. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

"அசையாம நில்லு. ஃபோகஸ் போயிடும்."

அவள் காலடியிலிருந்த குறியைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "சரி சார்," என்று கைகட்டிக் குனிந்து, நிமிரும்போது மறுபடியும் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து அவர் ஃபோகஸைப் பின்னால் கதவுக்குக் கொண்டுபோயிருந்தார். தாழ்ப்பாள் பளிச்சென்று தெரிந்தது. சிரிப்பு கலங்கலாக இருந்தது.

அன்றைக்கு அவள் இதைக் கேட்டதாக அவருக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"இதுதான்," என்றாள் மகள், சிரிப்பில் நிறுத்தி.

"ஃபோகஸ் இல்லையேம்மா. முன்னாடி ஒண்ணு நல்லா ஷார்ப்பா இருந்துச்சே."

"அது உங்களுக்காக நிக்கிற அம்மா. இதுதான் நம்ம அம்மா."

அவர் அதையே அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் பிரிண்ட் கடைக்காரர் கூப்பிட்டார்.

"சார், தப்பா அனுப்பிட்டீங்க போல. பின்னாடி தாழ்ப்பாள்தான் தெளிவா இருக்கு. உங்க கண்ணுக்கா இது தெரியாது? வேற அனுப்புங்க."

"அப்படியே போடுப்பா."

"பெரிசாக்கினா இன்னும் கலங்கும் சார்."

"கலங்கட்டும்."

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது மணி நான்கு. நாற்காலிகள் போய்விட்டன. கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். மேசை மேல் சட்டம் போட்ட படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கிட்டே போனால் கலங்கல், எட்ட நின்றால் அவள். மகள் அறைவாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையில் இருந்த டேப்பை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துடவாப்பா? தண்ணி பட்டு ஓரம் பிஞ்சிடுச்சு."

"இரு."

அவர் போய்க் குறியின் மேல் நின்றார். இத்தனை வருடத்தில் அங்கே நின்று பார்த்ததில்லை. எதிரே மூலையில் துண்டு போர்த்திய கேமராவும், அதன் பின்னால் அவருடைய முக்காலியும் இருந்தன. அக்கா டீயோடு வந்து, முட்டி வலி தாங்காமல் அந்த முக்காலியிலேயே உட்கார்ந்தாள். கேமரா அவள் முகத்தை மறைத்துவிட்டது. இரண்டு பக்கமும் முழங்கைகள் மட்டும் தெரிந்தன.

அவர் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தார். தலையைத் தூக்கினார். அப்போதும் முழங்கைகள்தான் தெரிந்தன.

"என்னடா அங்க போய் நிக்கிற? காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்கே, வந்து உட்காரு. டீ ஆறுது," என்றது அக்காவின் குரல்.

"ரெண்டு நிமிஷம்," என்றார் அவர்.