பலகையோரத்து நாற்காலி

...விருந்தினர் மேடைக்கு மட்டும் பந்தல் போட்டிருக்கிறார்கள், போகட்டும், எனக்கு ஒரு நாற்காலி தந்ததே பெரிய விஷயம், தாண்டும் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடிவருகிறவளின் கால் பலகையை மீறினால் சிவப்புக் கொடி, மீறாவிட்டால் வெள்ளைக் கொடி, இதற்கு ஒரு சாதனைக்காரிதான் வேண்டுமா என்ன... ஆனாலும் வருஷா வருஷம் கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுகிறேன், ஏன் என்று எனக்குத்தான் தெரியும். போட்டி தொடங்கும் முன், நீளம் தாண்டுதலில் இதுவரையுள்ள சாதனை என்று ஒலிபெருக்கியில் என் தூரத்தையும் என் பெயரையும் படிப்பார்கள், முழுப்பெயர். அலுவலகத்தில் நான் மேடம், தங்கைக்கு அக்கா, மாடிவீட்டுக்காரருக்குக் கீழ்வீட்டம்மா, பெயர் சொல்லிக் கூப்பிட்ட அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், என் பெயரை வாய்விட்டுச் சொல்ல மிச்சமிருப்பது அந்த ஒலிபெருக்கி ஒன்றுதான், சிரிப்பாக வருகிறது, அழுகையாகவும் வருகிறது.

இதோ வருகிறாள், ஒல்லிக்குச்சி, காலையிலிருந்தே எல்லார் கண்ணும் இவள் மேல்தான், என்ன ஓட்டம் இது... பலகை டப்பென்று அதிர்ந்தது, மணலைப் பார்ப்பது என் வேலையில்லை, ஆனால் கூட்டம் போட்ட கூச்சலே சொல்லிவிட்டது, போச்சு, என் தூரம் போச்சு. பலகையை ஒட்டிக் களிமண் பூசியிருக்கிறது, காலணி நுனி மீறியிருந்தால் அதில் தடம் விழுந்திருக்கும், குனிந்து பார்க்கிறேன், தடமே இல்லை, பூசியது பூசியபடி இருக்கிறது. ஊன்றிய கையின் கட்டைவிரல் அந்தக் களிமண்ணுக்குப் பக்கத்திலேயே... லேசாக அழுத்தினால் போதும், காலணியா கட்டைவிரலா என்று எந்தக் கொம்பன் வந்து கண்டுபிடிப்பான், அடுத்த வருஷமும் என் பெயர் கேட்கும்... சீ, என்ன புத்தி இது, எவ்வளவு நேரமாகக் குனிந்திருக்கிறேன்? "என்ன மேடம், சரியா தப்பா? சொல்லுங்க!" மணல்குழிப் பக்கமிருந்து அளவெடுக்கிறவர் கத்தினார். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு வெள்ளைக் கொடியைத் தூக்கினேன்.

புதிய சாதனை என்று தூரத்தைப் படித்தார்கள், கூடவே அவள் பெயரை. ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் என்னைக் கடந்து வேலிப் பக்கம் ஓடினாள், "அம்மா, பாத்தியா? பாத்தியாம்மா!" என் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, ஏன் பார்க்க வேண்டும், நான் மட்டும் பார்த்தேனா, அன்று எனக்கு வெள்ளைக் கொடி தூக்கியது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. இரு, இரு... அன்றும் போட்டிக்கு முன்னால் ஒரு பெயரைப் படித்தார்களே, நான் முறியடித்த சாதனைக்காரியின் பெயர், அவளுடைய தூரத்தைக் கரிக்கட்டியால் சுவரில் எழுதிவைத்து அதன் முகத்தில்தானே தினமும் விழித்தேன், தூரம் இப்போதும் நாக்கு நுனியில் நிற்கிறது, பெயர்... அடுத்த பெண் ஓடத் தயாராக நிற்கிறாள், களிமண்ணைத் தடவிச் சமன் செய்கிறேன், என்ன பெயர் அது, நீளமான பெயரா, குட்டிப் பெயரா, முதல் எழுத்தாவது... வரவில்லை.